பாட்டன் பெயரைத் தாங்கும் பேரன்

'பெயரன்' என்ற சொல்லே பேச்சு வழக்கில் 'பேரன்' ஆயிற்று. பாட்டனாரின் பெயரைத் தாங்கி வருபவன் என்பது அதன் பொருள். 'பெயர்த்தி'யும் அவ்வாறே பேத்தி ஆனாள். தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரையும் அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயரையும் இடுவது பல குடும்பங்களின் மரபு. அரச குடும்பத்திலும் இதைக் காணலாம். காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன். அவன் மகனுக்கு மீண்டும் மகேந்திரவர்மன் என்றே பெயர்.

இம்மரபின் பயன் அமாவாசைத் தர்ப்பணத்தின்போது விளங்கும். தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் ஆகிய மூவரின் பெயரையும் சொல்லி எள்ளும் நீரும் இறைக்க வேண்டும். தலைமுறைதோறும் பாட்டனார் பெயரையே இட்டு வந்த வீட்டின் தலைமகனுக்கு இது எளிது. பாட்டனாரின் பெயர் அவனுடைய பெயரே. முப்பாட்டனாரின் பெயர் தந்தையின் பெயரே. இரண்டே பெயர்களில் நான்கு தலைமுறை அடங்கிவிடுகிறது!

குடும்பம் எந்தச் சந்நிதியை வணங்கி வந்தது என்பதையும் பெயரே சொல்லும். ஆராவமுதன் என்றால் குடந்தை, தாயுமானவன் என்றால் திருச்சி மலைக்கோட்டை, வைத்தியநாதன் என்றால் புள்ளிருக்குவேளூர் என்று ஊகித்துவிடலாம். பிள்ளைகளுக்குத் திருமாலின் திருநாமத்தையே இடுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுறுத்த, பெரியாழ்வார் ஒரு பதிகமே பாடியிருக்கிறார்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. மாமனாரின் பெயரை மருமகள் உச்சரிக்கலாகாது; கணவரின் பெயரைப் பாட்டியும் சொல்லமாட்டார். ஆகவே பெற்ற பிள்ளை 'அம்பி' என்றும் 'ராஜா' என்றும் வளர்ந்தான். ஆயினும் பள்ளியில் சேர்ந்ததும் உண்மைப் பெயர் வெளிவந்துவிடும்.

இப்போது நிலைமை வேறு. பள்ளிக்கென எண்கணிதம் பார்த்து ஓர் இரண்டெழுத்துப் பெயர். பெரியவர்களின் மனம் கோணாதிருக்க, நாமகரணத்தன்று காதில் ஓதுவதற்குப் பாட்டனார் பெயர். சமரச ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் காதில் ஓதிய பெயரை அதன்பின் ஒருவரும் சொல்வதில்லை என்பதே வருத்தம்.

கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்ட அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்கிறார். பழைய வழக்கம் மாறாத பாட்டி, கணவரின் பெயராயிற்றே என்று வாய் திறவாமல் பேரனைப் பார்க்கிறார். பேரனோ பாட்டியைப் பார்க்கிறான்.