ஆளறியும் பரீட்சையும் வினையறியும் பரீட்சையும்

திருக்குறளில் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல்; 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். முன்னது ஆளை ஆராய்ந்து தெளிதலையும், பின்னது தெளிந்தவனைத் தக்க வினையில் அமர்த்துதலையும் கூறுவன. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்றலால், வினையை நோக்காது ஆளை மட்டும் சோதித்தல் குறையுடைத்து என நாம் உணர்கின்றோம். மென்பொருள் ஆக்கும் உத்தியோகத்துக்கு இன்று நடத்தப்பெறும் பரீட்சைகளை இக்கண் கொண்டு நோக்குவாம்.

இவற்றுட் பல கட்டுப்பாடு மிக்கவை. குறித்த நேரத்துள் கணக்குப் புதிர்களை விடுவித்தல் வேண்டும். நூலையோ இணையத்தையோ பார்த்தல் ஆகாது. ஒருவர் அருகிருந்தோ கமரா வழியாகவோ கண்காணிப்பார். இதற்கும் நியாயம் உண்டு. ஓரிடத்துக்குப் பலர் விண்ணப்பிக்கும்போது, யாவர்க்கும் ஒரே வினா, ஒரே அளவு என்பது சிபாரிசுக்கு இடங்கொடாது. சிபாரிசு செய்வாரில்லாத தோட்டத்துப் பிள்ளைக்குப் பரீட்சையே ஏணி. ஆதலின் பரீட்சையே வேண்டா என்பது நம் கருத்தன்று; அஃது எதனை அளக்கின்றது என்பதே வினா.

கொழுந்தெடுப்பாரின் திறமையை மடுவத்துத் தராசு காட்டும். தேயிலைச் செடியின் தாவரவியற் பெயரைக் கேட்டல் காட்டாது. 'ஹோம்பிரூ' என்னும் புகழ்பெற்ற மென்பொருளை ஆக்கிய மாக்ஸ் ஹவல், தரவு மரமொன்றை இடம் வலமாக மாற்றும் புதிரை வெண்பலகையில் விடுவிக்க இயலாமையால் கூகிள் நிறுவனம் தம்மை ஏற்கவில்லை என 2015இல் வெளிப்படையாகக் கூறினார். அவரது கருவியையோ அந்நிறுவனத்துப் பொறியியலாளர் பலர் பயன்படுத்தி வந்தனர் என்பதும் அவர் கூற்று.

2020இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசொப்ற் நிறுவனத்தாரும் 48 மாணவரைக் கொண்டு ஓர் ஆய்வு வெளியிட்டனர். தனியறையில் எழுதினோரினும், ஒருவர் பார்த்திருக்க எழுதினோர் பாதிக்கும் குறைவான திறமையே காட்டினர். ஆய்வு சிறிதே, எனினும், அப்பரீட்சை அறிவை அளந்ததா, அச்சத்தை அளந்ததா என்னும் ஐயம் எழுகின்றது.

சட்டமும் இதனை ஆராய்ந்துள்ளது. டியூக் மின்சாரக் கம்பெனி வழக்கில், 1971இல், அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது: ஒரு சாராரைப் புறந்தள்ளும் பரீட்சை தொழிலோடு தொடர்புடையதென நிறுவப்படாவிடின், தீய நோக்கம் இல்லாதவிடத்தும் அது செல்லாது. வேறொரு வழியைத் தமிழகத்தின் ஸோஹோ நிறுவனம் காட்டியது. பள்ளிப் படிப்பு முடித்தோரை உதவிப்பணம் அளித்துப் பயிற்றி, அவர்தம் வேலையைக் கண்டு பணியில் அமர்த்தும் முறை அது.

நோர்வூட்டிலிருந்து நோக்குங்கால் இது நமக்கு நூற்பொருளன்று. மழைநாளில் மின்சாரம் தடைப்படும் லயத்து அறையிலிருந்து எழுதும் பிள்ளை, கமரா அணைந்தமையாலேயே தோல்வியுறல் கூடும்; அவன் அறிவிற் குறைந்தவனல்லன்.

ஆகவே, நம் பழைய மாணவருள் ஆள் சேர்க்கும் பதவியில் இருப்போரிடம் நாம் வேண்டுவன மூன்று. உண்மை வேலையின் சிறு பகுதியொன்றைச் செய்யக் கொடுங்கள். வேலையில் நூல் பார்க்க இசைவு உண்டெனில் பரீட்சையிலும் இசையுங்கள். இணையம் அறுந்தால் மீண்டும் தொடர இடந்தாருங்கள். புள்ளியிடும் முறை மட்டும் யாவர்க்கும் ஒன்றாகவே நிற்க. ஏணியை எடுத்துவிடுக என்கின்றோமல்லோம். அதன் முதற்படி எம் பிள்ளைகளின் காலுக்கு எட்டுமாறு வையுங்கள் என்றே வேண்டுகின்றோம்.