களர்நீரும் நிலாவாரையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர் சிவகிரி. அங்கிருந்து சங்கரன்கோவில், கோவில்பட்டி வழியே தூத்துக்குடியை நோக்கிச் சென்றால், நிலாவாரை என்னும் மருந்துச் செடி பயிராகும் வறண்ட சீமையைக் காணலாம். அரபு நாட்டிலிருந்து வந்த இச்செடியை உலகச் சந்தை 'திருநெல்வேலி சென்னா' என்று அழைக்கிறது. மலச்சிக்கலை நீக்கும் சென்னோசைடுகள் இதன் இலையிலும் காயிலும் உள்ளன. இலை விலைபொருள்; ஆதலால் இலை கெட்டால் உழவரின் வருவாய் கெடும். கிணற்று நீர் காரமாயிருந்தால் இவ்விலைக்கு நேர்வது என்ன என்பதை விளக்க விரும்புகிறேன்.

காரத்தை அளக்கும் பி.எச். என்னும் அளவுகோலை டென்மார்க் அறிஞர் சோரன்சென் 1909-இல் வகுத்தார். அதில் 7 நடுநிலை. அதற்குமேல் ஒவ்வோர் எண்ணுக்கும் காரம் பத்து மடங்காகும். எனினும் எண் மட்டும் போதாது. நீரில் சோடியம் பைகார்பனேட் மிகுந்துள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அத்தகைய நீரைப் பாய்ச்சினால், மண்ணிலுள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அது விட்ட இடத்தைச் சோடியம் பற்றிக்கொள்ளும். சோடியம் ஏறிய களித்துகள்கள் பிரிந்து நுண்துளைகளை அடைக்கும். நீர் கீழிறங்காது தேங்கும். காய்ந்தபின் நிலம் இறுகும். இதுவே களர்நிலம். நிலாவாரை வறட்சியைப் பொறுக்கும், பி.எச். 8.5 வரையுள்ள மண்ணையும் பொறுக்கும். வேரடியில் நீர் தேங்குவதைப் பொறுக்காது.

உணவுக்குறையும் உடன்வரும். கார மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் கரைவதில்லை. குதிர் நிறைய நெல்லிருந்தும் உலை ஏறாத வீட்டின் நிலை அது. இரும்பு கிட்டாத செடியில் இளந்தளிர் முதலில் மஞ்சளாகும். நரம்புகள் பச்சையாகவே நிற்கும். தழைச்சத்துக் குறைந்தாலோ முதிர்ந்த இலையே முதலில் வெளுக்கும். இவ்வேறுபாட்டை அறியாதார் யூரியாவை இட்டுப் பணத்தை இழப்பர்.

பரிகாரம் உண்டா? உண்டு. ஜிப்சத்திலுள்ள கால்சியம், சோடியத்தை அகற்றித் தானே அவ்விடத்தில் அமரும். அகன்ற சோடியம் மழைநீரில் கரைந்து வெளியேற வடிகால் வேண்டும். தக்கைப்பூண்டை மடக்கி உழுவதும், ஐப்பசி கார்த்திகையில் நிறையும் குளத்து நீரைக் கிணற்று நீரோடு கலந்து பாய்ச்சுவதும் துணைசெய்யும்.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளையில் மழைநீர் எடுத்து, உலர்ந்த மண்கட்டி ஒன்றை அசைக்காமல் இடுங்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவினால், சோடியம் மிகுந்திருக்கலாம் என்று ஐயுறுங்கள். பின்னர் மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஜிப்சம் எவ்வளவு வேண்டும் என்பதை அம்முடிவே சொல்லும்.