தாத்தாவின் "மெடல்" அசலா, போலியா? விளிம்பைத் திருப்பினால் குட்டு வெளிப்படும்!

மோகனூர்,

"பர்மா சண்டையில வாங்குன மெடல் சார். வீட்டுல கஷ்டம், அதான் விக்கிறாங்க..."

இப்படிச் சொல்லி யாராவது ஒரு பித்தளை நட்சத்திரத்தை நீட்டினால், உடனே பர்சைத் திறந்து விடாதீர்கள். பழைய நாணயம், தபால்தலை சேர்ப்பது போல, போர்க்கால மெடல், "பேட்ஜ்" சேர்க்கும் ஆசையும் பலருக்கு உண்டு. இதில் புதிதாக இறங்குகிறவர்கள்தான் போலி விற்கும் ஆசாமிகளின் முதல் குறி.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. மோகனூரில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து கொள்ளுத்தாத்தாவின் தகரப்பெட்டி இறங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். உள்ளே கறுத்துப்போன ஒரு வட்ட மெடல். அது வெள்ளி என்று தெரிந்தால் அடுத்த பஸ் எங்கே போகும்? சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு! உருக்கினால் கொலுசு. தாத்தாவின் பேர் அதோடு காலி.

பேர் எங்கே?

ஆமாம், பேர்தான் விஷயமே. முதல் உலகப்போரில் (1914-18) பங்கு கொண்டவர்களுக்கு பிரிட்டிஷ் சர்க்கார் கொடுத்த வெள்ளி மெடலில் ஒரு பக்கம் 5-ம் ஜார்ஜ் மன்னர் தலை. மறு பக்கம் குதிரை மேல் ஒரு வீரன். அகலம் 36 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய ஒரு அவுன்ஸ். இதை முகத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. விளிம்பைத் திருப்ப வேண்டும். அங்கே சிப்பாயின் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் குத்தியிருக்கும். இதோடு கொடுத்த "விக்டரி" மெடலிலும் அப்படியே.

கில்லாடிகள் கை வைப்பதும் இங்கேதான். சாதாரண ஆளின் பெயரை அரத்தால் ராவி விட்டு, விலை போகும் பெயர் ஒன்றை வெட்டி விடுவார்கள். ராவினால் உலோகம் குறையுமே! நகைப் பட்டறையில் இருக்கும் அளவுகோலை வைத்து நாலு இடத்தில் அளந்தால் போதும். ஒரு இடத்தில் அகலம் குறைந்தால் அங்கே அரம் ஓடியிருக்கிறது. அச்சுக் குத்திய எழுத்து எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்கும். உளியால் வெட்டிய எழுத்தில் கீறல் தெரியும். நகைக்காரரின் பூதக்கண்ணாடியில் இது மறையாது.

அதே மெடல் வெள்ளியில் இல்லாமல் வெண்கலத்தில் வந்தால்? "போலி" என்று தூக்கிப் போட்டு விடாதீர்கள்! இந்தியா, சீனா, மால்டா நாடுகளின் தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். சாலை போட்டவனுக்கும் மூட்டை தூக்கியவனுக்கும் வெள்ளி கிடையாது! இன்று வெள்ளியை விட வெண்கலம்தான் கிடைப்பது அரிது.

இரண்டாம் உலகப்போர் (1939-45) சமாசாரம் வேறு. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த ஆறு முனை நட்சத்திரங்களில் பெயரே போடவில்லை. இந்தியப் படையினரின் நட்சத்திரங்களில் பெரும்பாலும் பின்பக்கம் பெயர் உண்டு. எனவே பெயர் இல்லை என்பதால் மட்டும் போலி ஆகாது. ஆனால் மொட்டை நட்சத்திரத்தைக் காட்டி "இது இன்னார் அணிந்தது" என்று கதை சொன்னால், அந்தக் கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

பர்மா நட்சத்திரமும் பசிபிக் நட்சத்திரமும் ஒரே ஆளுடையவை என்று ஜோடியாக விற்றால், அந்த ஜோடி யாரோ சேர்த்து வைத்தது. இரண்டையும் ஒருவருக்கே கொடுப்பதில்லை என்பது விதி. ஒன்றைக் கொடுத்து, அதன் ரிப்பனில் இன்னொரு இடத்தின் பெயர்ப் பட்டையை மாட்டி விடுவார்கள். அந்தப் போரின் வட்ட மெடலை "சுத்த வெள்ளி" என்று சொன்னாலும் உஷார். கனடா படைக்குத்தான் வெள்ளி. நம் ஆட்களுக்குக் கிடைத்தது செம்பும் நிக்கலும் கலந்தது.

கடைக்காரர்களுக்கு ஒரு சுலப வழி. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழே ரிப்பனைக் காட்டுங்கள். நூல் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது போருக்குப் பிறகு வந்த சாயம். அதற்காக மெடலையும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். நைந்த ரிப்பனுக்குப் பதில் புது ரிப்பன் போடுவது சகஜம்.

தொப்பி "பேட்ஜ்" விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் இன்னும் அதிகம். உலகப்போர் "பேட்ஜ்" என்று சொல்லி அசோகச் சிங்கம் பொறித்ததை நீட்டினால் சிரித்து விட்டு நடையைக் கட்டலாம். இந்தியப் படைச் சின்னங்களில் கிரீடம் போய் சிங்கம் வந்தது 1950-ல் குடியரசான பிறகுதான். அசல் "பேட்ஜ்" அச்சில் அடித்தது. கோடுகள் கூர்மையாக இருக்கும். அசலை மண்ணில் பதித்து அச்செடுத்து வார்த்த போலியில் பொடிப்பொடிக் குழிகள் தெரியும், முகம் மழுங்கியிருக்கும். ஆறும்போது உலோகம் சுருங்குவதால் அளவும் ஒரு நூல் குறையும்.

நேதாஜி பெயரிலும் இந்த வியாபாரம் நடக்கிறது. 1942-ல் ஜெர்மனியில் அவர் ஏற்படுத்திய "ஆசாத் ஹிந்த்" விருதுகளை வியன்னாவின் சூவால் கம்பெனி தயாரித்தது. போர் முடிந்த பிறகும் சேகரிப்பவர்களுக்காக அதே கம்பெனி அடித்து விற்றது. கம்பெனி அசல், சரக்கு பிந்தியது! அனுபவசாலிகளே திணறுகிற இடம் இது. புதியவர்கள் ஒதுங்கி நிற்பது நல்லது.

அசல் என்று தெரிந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விலையும் போகும், எழுத்தும் தேயும். 1980-ல் உலகம் முழுக்க வெள்ளி விலை எகிறியபோது இந்த மெடல்கள் ஏராளமாக உலைக்குள் போயின. செங்கல்பட்டு சீமையிலிருந்து மதராஸ் சாப்பர்ஸ் படைக்குப் போன சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து தோழர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். "ஜார்ஜ் கிராஸ்" விருது பெற்றதால் அவர் பெயர் நிலைத்தது. சாதாரண சிப்பாய்க்கு அந்த விளிம்பு எழுத்துத்தான் சாட்சி. போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடலாம், கட்டணம் கிடையாது.

முதல் உலகப்போர் மெடல்களுக்கு இப்போது 100 வயது தாண்டி விட்டது. 1972-ம் வருடத்து தொல்பொருள் சட்டப்படி இத்தகைய சரித்திரப் பொருட்களை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "லண்டன்ல நல்ல விலை, பார்சல் போட்டுடலாம்" என்று யாராவது ஆசை காட்டினால், மாட்டிக்கொள்வது பார்சல் போட்டவர்தான்.