வாசித்த புத்தகம் அடுத்த வாசகரிடம் சேரும் வழி

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதோ, உத்தியோகத்தில் மாற்றலாகி வேறு ஊருக்குப் புறப்படும்போதோதான், அலமாரியிலும் பரணிலும் சேர்ந்துவிட்ட புத்தகங்களை இனி என்ன செய்வது என்ற யோசனை நம்மில் பெரும்பாலோருக்கு உண்டாகிறது. அவகாசமில்லாத அந்த வேளையில், பல வருஷங்களாகப் பிரியத்தோடு வாங்கியவற்றையெல்லாம் பழைய செய்தித்தாள்களோடு கட்டி எடைக்குப் போட்டுவிடுகிறோம். அதற்கு மனம் ஒப்பாதவர்கள், ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலிலோ நூலகத்தின் வாசலிலோ மூட்டையை இறக்கிவிட்டு, தர்மம் செய்த திருப்தியோடு திரும்புகிறார்கள். இரண்டாவது காரியம் முதலாவதைவிட அதிகம் மேலானதென்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்கு வேண்டியிருக்கும் என்று யோசியாமல் இறக்கப்பட்ட மூட்டை, அங்கும் பிரிப்பாரின்றி ஒரு மூலையில் கிடக்க நேரிடும்.

கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் பதவியை ஏற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியான தமது நூலில் நூலக சாஸ்திரத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். வாசகர் ஒவ்வொருவருக்கும் உகந்த புத்தகம் கிடைக்க வேண்டும் என்று கூறியதோடு நில்லாமல், புத்தகம் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரைத் தேடித்தரும் கடமையையும் தனியொரு விதியாக அவர் வைத்தது பெரிய விசேஷம். அதே ஆண்டில், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சென்று வழங்கும் நடமாடும் நூலகம் ஒன்று தொடங்கப்பெற்றது. நூலகத்தைத் தேடி வர இயலாத ஜனங்களை நூலகமே தேடிச் சென்றது. தம் வீட்டுப் புத்தகங்களைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறவருக்கும் இதுவே முறை: முதலில் ஆளை நினைக்க வேண்டும், பிறகு புத்தகத்தை எடுக்க வேண்டும்.

ஆகையால், புதிதாகத் தொடங்குகிறவர் அலமாரி முழுவதையும் ஒரே நாளில் காலி செய்ய முற்பட வேண்டாம். நான்கைந்து புத்தகங்களை வெளியே எடுத்து, இந்த நாவலை அடுத்த வீட்டு அம்மாள் விரும்புவாரா, இந்த விஞ்ஞான நூல் தெருக்கோடி வீட்டில் எட்டாம் வகுப்பு வாசிக்கும் பையனுக்குப் பிரயோஜனப்படுமா என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அதில் தமக்குப் பிடித்தது இன்னதென்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் போதும். அந்த இரண்டு வார்த்தைகளின் பலத்தில்தான் புத்தகம் திறக்கப்படுகிறது.

கொடுக்கத் தகாத புத்தகங்களும் உண்டு. கதையும் சரித்திரமும் யாத்திரை வர்ணனையும் வருஷங்கள் கழிந்தாலும் சாரம் குன்றுவதில்லை. ஆனால் பாடத்திட்டம் மாறிய பிறகு பழைய போட்டித் தேர்வுக் கையேட்டை ஓர் ஏழை மாணவனிடம் கொடுப்பது அவனுக்கு உபகாரமாகாது, அபகாரமே. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ஸ்தானத்தில் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்துவிட்டபடியால், அதற்கு முந்தைய சட்டக் கையேடுகளைப் புதிய சட்டம் கற்க வருகிறவருக்கு வழிகாட்டியாக அளிப்பதும் அத்தகையதே.

இதற்கு நேர்மாறாக, உபயோகமற்றவை என்று தோன்றும் சில, உண்மையில் கிடைத்தற்கரிய பொக்கிஷங்களாக இருக்கக்கூடும். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, பழைய தமிழ் நூல்களோடு பத்திரிகைகளையும் நாடக நோட்டீஸ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் ஆயுள் முழுதும் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் காலமான பின்பு சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரத்தை வாங்க, அதைக் கொண்டு சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பிறர் குப்பையென்று கழித்த காகிதத்திலிருந்து இன்று அறிஞர்கள் சமூக சரித்திரத்தை எழுதுகிறார்கள். ஆதலால், தாத்தா காலத்துப் பெட்டியைத் திறக்கிறவர்கள், விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எதையும் எடைக்குப் போடலாகாது என்று மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

தனித்தனியே கொடுத்துப் பழகியவர்கள் பொது அலமாரி ஒன்றை ஏற்படுத்தலாம். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்து ஹட்ஸன் நகரில், 2009-இல் டாட் போல் என்பவர், ஆசிரியையாக இருந்த தம் தாயாரின் ஞாபகார்த்தமாகச் சிறு பள்ளிக்கூடம் போன்ற மரப்பெட்டியொன்றைச் செய்து, அதில் புத்தகங்களை நிரப்பி வீட்டின் முன்னே நிறுத்தினார். வேண்டியதை எவரும் எடுத்துச் செல்லலாம், தம்முடையதையும் வைக்கலாம். அந்த வழக்கம் பல தேசங்களுக்கும் பரவிவிட்டது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு வெட்டவெளிப் பெட்டி தாங்குவது அரிது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படியடியோ, ஜனங்கள் காத்திருக்கும் கடையோ இதற்குத் தகுந்த இடம். தூத்துக்குடியில் முடிதிருத்தும் நிலையம் ஒன்றின் உரிமையாளர், தம் கடையிலேயே நூலகம் வைத்து, அங்கே புத்தகம் வாசிப்பவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடியும் அளித்தது நாடெங்கும் பேசப்பட்டது. காத்திருக்கும் அரைமணி நேரத்துக்கு அவர் செய்த மரியாதையாகவே நான் அதைக் கருதுகிறேன்.

அலமாரி எங்கே இருந்தாலும் அதைப் பராமரிக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டாக வேண்டும். பொறுப்பாளர் இல்லாத அலமாரி, சில மாதங்களில் கிழிந்த வினாத்தாள்களுக்கும் விளம்பரப் புத்தகங்களுக்கும் புகலிடமாகிவிடும். வைக்கும் முன் ஒவ்வொரு புத்தகத்தையும் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வைத்து, இராமபாணப் பூச்சியோ பூஞ்சையோ பற்றியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம், ஏனெனில் பூச்சி பிடித்த ஒன்று பக்கத்திலுள்ளவற்றையும் கெடுத்துவிடும். உள்ளே மறந்துவைத்த கடிதங்களையும் ரசீதுகளையும் எடுத்துவிட வேண்டும். திரும்பி வர வேண்டிய புத்தகமானால் முதற்பக்கத்தில் பெயரெழுதி, இரவல் என்று தெளிவாகச் சொல்லியே கொடுக்கலாம். கொடையென்று கொடுத்ததை, பிற்பாடு படித்தாயா, முடித்தாயா என்று கேட்டுக் கொண்டிராமல் விட்டுவிடுவதே உத்தமம். தொடங்க நல்ல காலம் முழுப்பரீட்சை முடிந்து கோடை விடுமுறை ஆரம்பிக்கும் வாரம். பிள்ளைகளின் கையில் பாடப்புத்தகம் இல்லாத அந்த நாட்களுக்காகச் சிறுவர் கதைகளை மேல்தட்டில் வைக்காமல், அவர்கள் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும்.