தீவுக்குப் போகும் மெல்லிய லப்டொப்

பண்ணைப் பாலம் ஏறி, வேலணையும் புங்குடுதீவும் கடந்தால் குறிகட்டுவான் இறங்குதுறையோடு வீதி முடிந்துவிடும். அங்கிருந்து நயினாதீவு கால் மணி நேரக் கடல். நெடுந்தீவு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்தப் படகுகளில் போய்வரும் ஆசிரியர்கள், அலுவலர்கள் பலரின் பைகளில் இப்போது மெல்லிய லப்டொப் இருக்கிறது. பாரமில்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் விளிம்பில் ஒன்றோ இரண்டோ சிறு துளைகள்தான் உண்டு. வகுப்பறையில் புரொஜெக்டர் வயர், பென் டிரைவ், சார்ஜர் மூன்றையும் ஒரே நேரத்தில் எங்கே செருகுவது? யாழ் நகரத்தில் என்றால் பக்கத்துக் கடையில், ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் ஒன்றை வாங்கிவிடலாம். நெடுந்தீவில் அதற்கும் படகு பார்க்கவேண்டும்.

துளைகள் குறைந்ததற்குக் காரணம் உயரம். லான் வயர் செருகும் பழைய துளை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் உயரமானது. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த, படம் அனுப்பும், பதினைந்து ஊசிகள் கொண்ட வி.ஜி.ஏ. துளையும் அகலமானது. உடம்பை மெலிதாக்க வேண்டுமென்றால் இவை போகவேண்டும். 2008இல் வந்த முதல் மக்புக் எயாரில் ஒரே ஒரு யு.எஸ்.பி. துளை இருந்தது. 2015இல் அதே நிறுவனம் வெளியிட்ட மக்புக் 13.1 மில்லிமீற்றர் தடிப்பும் 0.92 கிலோ நிறையும் கொண்டது. ஹெட்போன் துளையை விட்டால் அதில் இருந்தது ஒரேயொரு யு.எஸ்.பி. ரைப்-சி துளை. மின்சாரம், படம், தரவு எல்லாம் அதன் வழியேதான் போய்வரவேண்டும். மற்ற நிறுவனங்களும் பின்னர் அந்த வழியில் போயின.

ரைப்-சி துளையை ரோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஏறக்குறைய எட்டே கால் மில்லிமீற்றர் அகலம், இரண்டரை மில்லிமீற்றர் உயரம். நடுவே ஒரு மெல்லிய நாக்கு. அதன் மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டாக இருபத்துநான்கு தொடுமுனைகள். மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் ஒரே ஒழுங்கு என்பதால் எந்தப் பக்கமாகச் செருகினாலும் வேலை செய்யும். இவற்றில் இரண்டு முனைகளுக்கு லப்டொப்புக்கான மின்சாரமோ கோப்புகளின் தரவோ கடத்தும் பொறுப்பு இல்லை. மறுமுனையில் யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரிப்பதுதான் அவற்றின் முதல் வேலை. கேபிளில் அதற்கென்று ஒரே வயர் ஓடுகிறது. அது எந்த முனையைத் தொடுகிறது என்பதை வைத்துக் கேபிள் எப்பக்கமாகச் செருகப்பட்டது என்று கருவி அறிந்துகொள்ளும். மறுமுனையில் 5,100 ஓம் தடை ஒன்று தென்பட்ட பிறகே சார்ஜர் 5 வோல்ற்றைத் திறந்துவிடும். பிறகு சார்ஜர் தன்னால் தரக்கூடிய 9, 15, 20 வோல்ற் அளவுகளைச் சொல்ல, லப்டொப் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும். பழைய அகன்ற யு.எஸ்.பி. துளையில் 5 வோல்ற் எப்போதும் நின்றது. இதில் அந்தத் தடை தென்படும்வரை மின் வழங்கும் முனைகள் வெறுமையாகவே இருக்கும்.

வெளியில் ஒன்றுபோலத் தெரியும் கேபிள்கள் உள்ளே ஒன்றல்ல என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். சாதாரண ரைப்-சி கேபிள் 3 அம்பியர் வரை கடத்தும்; 20 வோல்ற்றில் அது 60 வோட். அதற்கு மேல் வேண்டுமானால் கேபிளின் தலைக்குள் ஒரு சிப் இருந்து, ‘நான் 5 அம்பியர் தாங்குவேன்’ என்று சொல்லவேண்டும். 65 வோட் சார்ஜரோடு போனுக்கு வந்த கேபிளைப் போட்டால் முழு வேகம் கிடைக்காது. அந்தப் போன் கேபிள்களில் பல, தரவையும் நொடிக்கு 480 மெகாபிட் என்ற பழைய வேகத்தில்தான் கடத்தும்.

தீவில் இந்த மின்சாரக் கணக்கு இன்னும் முக்கியமானது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நெடுங்காலமாக டீசல் இயந்திரத்தை நம்பியிருப்பவை. இந்திய நிதியுதவியில் இந்த மூன்று தீவுகளுக்கும் 530 கிலோவோட் காற்றாலை, 1,700 கிலோவோட் சூரியத் தகடுகள், 2,400 கிலோவோட்-மணி பட்டரி ஆகியவற்றை அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கரண்ட் போகும் நேரத்தில் ரைப்-சி துளை கைகொடுக்கும். பழைய லப்டொப்பை 12 வோல்ற் சூரியப் பட்டரியில் ஏற்ற, முதலில் இன்வேட்டரால் 230 வோல்ற் ஆக்கி, பிறகு சார்ஜரால் மீண்டும் 19 வோல்ற்றுக்கு இறக்கவேண்டும். இரண்டு மாற்றத்திலும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகும். ரைப்-சி லப்டொப்புக்கு வாகனங்களில் பயன்படும் பி.டி. (பவர் டெலிவரி) சார்ஜரை அதே பட்டரியில் பொருத்தினால் 12 வோல்ற்றை ஒரே தடவையில் 20 வோல்ற் ஆக்கிக் கொடுத்துவிடும். 20,000 மில்லி அம்பியர்-மணி பவர் பாங்கில் ஏறக்குறைய 74 வோட்-மணி இருக்கிறது. சேதாரம் போக, மெல்லிய லப்டொப் ஒன்றை ஒருமுறை நிரப்ப அது போதும். எனக்கு இந்தத் துளையில் மிகப் பிடித்தது இதுதான்.

படம் காட்டுவதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எல்லா ரைப்-சி துளைகளும் படம் அனுப்பாது. துளையருகே டி.பி. (டிஸ்பிளே போர்ட்) குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லையென்றால் மொடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். அனுப்பும் துளையில் நான்கு அதிவேகச் சோடி வயர்கள் உண்டு. ஹப்பில் வேகமான யு.எஸ்.பி.யும் வேண்டுமென்றால் இரண்டு சோடி படத்துக்கும் இரண்டு சோடி தரவுக்கும் பிரிந்துவிடும். மலிவான ஹப்களில் 4கே படம் நொடிக்கு 30 தடவையோடு நிற்பது பெரும்பாலும் இதனால்தான். வகுப்பறைக்கு அது குறையல்ல. ஆனால் பழைய புரொஜெக்டர் வி.ஜி.ஏ. மட்டும் உள்ளதாக இருந்தால் அனலொக் சமிக்ஞை வேண்டும். உள்ளே சிப் வைத்த மாற்றி இல்லாமல் வெறும் வயரால் ஆகாது.

உப்புக் காற்று வேறு கதை. தொடுமுனைகளின் மேல் பூசிய பொன் மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் ஈரமும் உப்பும் படிந்து, மின்சாரமும் ஓடினால் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். துளை 10,000 தடவை செருகி எடுக்கும்படி வடிவமைக்கப்பட்டதுதான், ஆனால் அந்தக் கணக்கில் கடல் இல்லை. படகில் சாரல் அடித்தால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜர் போடுங்கள். மணல் புகுந்தால் லப்டொப்பை நிறுத்திவிட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள், ஊசி வேண்டாம். விளிம்பில் நேராக ஒட்டிக்கொள்ளும் ஹப்பைவிடக் குட்டை வயரோடு வரும் ஹப் நல்லது. கை பட்டால் நெம்புவது துளையை அல்ல, வயரை.

இருக்கும் ஒரே துளை பழுதானால் சார்ஜும் இல்லை, படமும் இல்லை, கோப்பை வெளியே எடுக்க வழியும் இல்லை. அதனால் தீவுப் பாடசாலைக்கு வாங்குவதென்றால் என் தெரிவு சற்றுத் தடித்த லப்டொப்தான்: இரண்டு ரைப்-சி, ஒரு பழைய யு.எஸ்.பி., ஒரு எச்.டி.எம்.ஐ. அரைக் கிலோ கூடினாலும் பரவாயில்லை.

ஆனால் தீவகத்துக்கு வரும் கருவிகளில் பல வாங்கப்படுவதில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்புகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் புதிய லப்டொப்களுக்கும் ரைப்-சி சார்ஜ் கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே பாரிஸிலிருந்து வருவதும் இந்தத் துளையோடுதான் வரும். ரொறொன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ இருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு மெல்லிய லப்டொப் அனுப்பும் அண்ணாமாரே, அக்காமாரே, அதே பெட்டிக்குள் எச்.டி.எம்.ஐ.யும் சார்ஜ் துளையும் உள்ள ஹப் ஒன்று, 5 அம்பியர் கேபிள் இரண்டு வையுங்கள். லண்டன் சார்ஜரின் சதுர முள் இங்குள்ள சதுரத் துளைச் சொக்கெற்றுகளில் நேராகப் பொருந்தும். கனடா, பிரான்ஸ் சார்ஜர்களுக்கு ஒரு மாற்றுப் பிளக்கும் சேர்த்து அனுப்புங்கள்.