வீட்டு வரிக்குள் இருக்கும் கணக்கு

சென்னையில் கட்டட வரைபடம் போடுவது என் தொழில். சொத்து வரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இது சரிதானா?" என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. "உங்க வீடு எத்தனை சதுர அடின்னு பதிவாகியிருக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். பலருக்குத் தொகை தெரியும், பரப்பு தெரியாது.

வீட்டை விற்றால் என்ன விலைக்குப் போகும் என்பதை வைத்து இந்த வரி போடப்படுவதில்லை. வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று மாநகராட்சி வைத்துக்கொள்ளும் கணக்குதான் அடிப்படை. நீங்களே குடியிருந்தாலும் அந்தக் கணக்கு உண்டு. தெருவுக்குத் தெரு, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பு இருக்கும். சென்னையில் நெடுங்காலம் நடப்பில் இருந்த விகிதம் வீடுகளுக்கு 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரை; குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு 4 ரூபாயிலிருந்து 12 ரூபாய் வரை.

ஆயிரம் சதுர அடி வீடு, தெருவின் மதிப்பு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை மதிப்பு 2,000 ரூபாய். ஆண்டுக்குக் கணக்கிடும்போது இதை 12-ஆல் அல்ல, 10.92-ஆல் பெருக்குவார்கள். பன்னிரண்டு மாத வாடகையில் பத்து சதவீதம் மனையின் பங்கு. மிச்சமுள்ள கட்டடப் பங்கில் பத்து சதவீதத்தைப் பராமரிப்புக்காகத் தள்ளிவிட்டு, மனைப் பங்கைத் திரும்பச் சேர்த்தால் அந்த எண் வரும். ஆக, ஆண்டு மதிப்பு 21,840 ரூபாய். கட்டடத்தின் வயது போன்றவற்றுக்கான கழிவுகளை நான் இங்கே சேர்க்கவில்லை. இந்த மதிப்பின் மேல்தான் பொது வரி, கல்வி வரி, நூலக வரி எல்லாம் அரையாண்டுக்கு ஒருமுறை விழுகின்றன. குடிநீர் வாரியமும் இதே ஆண்டு மதிப்பில்தான் 7 சதவீதம் வரி வாங்குகிறது. எனவே பரப்பு அதிகமாகப் பதிவாகியிருந்தால் இரண்டு இடத்திலும் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சென்னையில் 1998-க்குப் பிறகு நிலைத்து நின்ற உயர்வு 2022-இல்தான் வந்தது. 2018-இல் உயர்த்தியதை 2019-இல் நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2022-இல் பழைய மாநகரப் பகுதியில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கும் மேலே 150 சதவீதம் என்று ஏற்றினார்கள். 2011-இல் சேர்ந்த புறநகர்களுக்கு இதைவிடக் குறைவு. வரி ஏறுவது நியாயம்தான். குப்பை அள்ளவும் தெருவிளக்கு எரியவும் பணம் வேண்டும். ஆனால் இருபத்து நான்கு வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரேயடியாக ஏற்றினால், ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள் எங்கே போவார்கள்? 2024 அக்டோபரில் 6 சதவீதம் கூட்டினார்களே, அப்படிச் சிறுகச் சிறுக ஏறுவதைத் தாங்கிக்கொள்ளலாம்.

திருவல்லிக்கேணியில் ஒரு பெரியம்மாவின் வீட்டை அளக்கப் போனேன். முன்னறையில் அவர் கணவர் தையல் கடை வைத்திருந்தார். அவர் காலமான பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு, அங்கேதான் அந்த அம்மா கட்டில் போட்டுப் படுக்கிறார். வரிப் பதிவேட்டில் அந்த அறை இன்னும் கடைதான். படுக்கையறைக்குக் கடை விகிதத்தில் வரி! "வந்த பில்லைக் கட்டிடணும் தம்பி, அவர் அப்படித்தான் பழக்கி வெச்சிருக்காரு" என்றார். எனக்கு மனசே ஆறவில்லை. கடையை மூடியதை யாரும் எழுதிக் கொடுக்காததால் பதிவேடு மாறவே இல்லை.

மாடி எழுப்பிவிட்டுச் சொல்லாமல் இருப்பவர்களையும் பார்க்கிறேன். அவர்கள் கட்டாத பணத்துக்கான சாலையும் சாக்கடையும் அந்த அம்மா மாதிரி ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் காசில்தான் நடக்கின்றன. இதை நான் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வதுண்டு.

இன்னொன்று: வரி ரசீதைப் பட்டாபோலப் பத்திரப்படுத்துகிறார்கள். ரசீதில் பெயர் இருப்பதாலேயே வீட்டின் உரிமை வந்துவிடாது. வீடு வாங்கியவர்கள் பத்திரப் பதிவோடு நிற்காமல் வரியிலும் பெயர் மாற்ற வேண்டும்.

சீட்டு வந்ததும் பரப்பு, உபயோகம், குடியிருப்பது யார் என்ற மூன்றையும் பாருங்கள். டேப் பிடித்து அளக்கும்போது சுவர்களின் கனத்தையும் சேர்த்து வெளி அளவாக எடுக்க வேண்டும். பிழை இருந்தால் மண்டல அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அந்த அம்மாவின் மனுவோடு அறையின் அளவு வரைபடத்தையும், வணிகக் கட்டணத்திலிருந்து வீட்டுக் கட்டணத்துக்கு மாறிய மின் ரசீதையும் இணைத்துக் கொடுத்தோம்.