நாய் ஓயாமல் தண்ணீர் குடித்தால்…

நெல், கடலை, உரம், பூச்சிமருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்கு நாயைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்க வேண்டாம். களத்து மேட்டிலும் ஆட்டுப் பட்டியிலும் இராக்காவல் பார்ப்பது அதுதானே. மாடு ஒரு வேளை அசை போடவில்லை என்றால் பதறிப் போகிறோம். நாய்க்கு வருகிற நோயை மட்டும் அது எழுந்திருக்க முடியாமல் படுத்த பிறகுதான் கவனிக்கிறோம்.

ஊர்க் கூட்டங்களில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. "சார், எங்க நாய் பத்து நாளா சட்டி சட்டியாத் தண்ணி குடிக்குது. ராத்திரி நாலு தடவை எழுந்து போகுது. திண்ணையிலேயே மூத்திரம் பேஞ்சுடுது. அதனால தண்ணிச் சட்டியை எடுத்து வச்சுட்டோம். சரிதானுங்களே?"

சரியில்லை. இந்தப் பேச்சில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள். சட்டியை எடுக்கக் கூடாது. நாயை அடிக்கவும் கூடாது.

ஏன் என்று கேட்பீர்கள். ரத்தம் சிறுநீரகத்தின் வழியாக ஓடும்போது ஏராளமான நீர் அதில் வடிந்து இறங்குகிறது. 100 பங்கு வடிந்தால் ஏறக்குறைய 99 பங்கைச் சிறுநீரகம் திரும்பவும் ரத்தத்துக்கே ஏற்றிவிடும். மிச்சம்தான் மூத்திரமாகப் போகிறது. வடிகாலில் இறங்குகிற தண்ணீரை மோட்டார் வைத்து மறுபடி வாய்க்காலுக்கே ஏற்றுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயினால் அந்த மோட்டார் தளர்ந்துவிட்டால் தண்ணீர் பாட்டுக்கு வடிகாலோடு போய்விடும். உடம்பு வறண்டு தாகம் எடுக்கும். நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. பெரும்பாலும் நடப்பது இதற்குத் தலைகீழ். நிறையப் போவதால்தான் நாய் நிறையக் குடிக்கிறது. அந்த நேரத்தில் தண்ணீரை மறைத்தால், போவது நிற்காது. நாய்தான் வற்றிப் போகும், ஒரே நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம்.

உண்மையிலேயே அதிகமாகக் குடிக்கிறதா என்பதை அளந்து பார்த்துவிடலாம். ஒருநாள் நாயைக் கட்டிப்போட்டு, ஆடு கோழி வாய் வைக்காத இடத்தில் லிட்டர் பாட்டிலால் அளந்து தண்ணீர் வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மீதியை அளந்து கழித்துக்கொள்ளுங்கள். நாயின் எடை தெரியாவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போயிற்று. சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50, 60 மில்லி குடிக்கும். 15 கிலோ நாட்டு நாய் என்றால் முக்கால் லிட்டரிலிருந்து 900 மில்லி. கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது அதே நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால், அது நோயின் அறிகுறி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கோடை வெயில், கருவாட்டுச் சோறு, குட்டிக்குப் பால் கொடுப்பது, இதற்கெல்லாம் கொஞ்சம் கூடும். கூழும் நீராகாரமும் குடிக்கிற நாய் சட்டித் தண்ணீரை அவ்வளவாகத் தேடாது. அந்த நாய் திடீரென்று சட்டியைத் தேடினால் கூடுதலாகவே கவனியுங்கள். இன்னொன்று, அடிக்கடி காலைத் தூக்கிச் சொட்டுச் சொட்டாக விடுவது வேறு சங்கதி. அது மூத்திரப்பையில் கல்லோ புண்ணோ இருப்பதால் வரலாம். நாம் பேசுவது குளம் கட்டுகிற மாதிரிப் போவதை.

காரணங்கள் பல. அவற்றில் இரண்டுக்கு நாள் கடத்தவே கூடாது.

முதலாவது, பெட்டை நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிப்பது. நாய் பருவத்துக்கு வந்து ஓய்ந்த பிறகு, பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள், இது வரும். குட்டி போடாத, நடுவயதைத் தாண்டிய நாய்களில் அதிகம். பருவத்தைத் தள்ளிப்போட ஊசி போட்ட நாய்களிலும் வரும். சீழில் உள்ள கிருமிகளின் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்குவதால் தாகமும் மூத்திரமும் மிஞ்சும். இரை எடுக்காது, வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். பின்பக்கம் நாற்றமுள்ள சீழ் வடிந்தால் நமக்குத் தெரிந்துவிடும். கருப்பை வாய் மூடிக்கொண்டால் ஒன்றும் வடியாது, வயிறுதான் உப்பும். "சினையா இருக்கும் போல" என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பது இந்த இடத்தில்தான். வடிவதைவிட வடியாததுதான் அபாயம். கருப்பையை அறுவை செய்து எடுப்பதே இதற்குச் சரியான வைத்தியம், அதுவும் அன்றைக்கே. குட்டி வேண்டாம் என்கிறவர்கள் முன்கூட்டியே கருத்தடை அறுவை செய்துவிட்டால் இந்த நோய்க்கு இடமே இல்லை.

இரண்டாவது, எலிக்காய்ச்சல். இது நாயோடு நிற்கிற நோய் அல்ல, அதனால்தான் விவசாயிகளிடம் இதை அழுத்திச் சொல்கிறேன். எலி மூத்திரத்தில் வெளியேறுகிற கிருமி, வயலில் தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாயின் வாய் வழியாகவோ தோல் கீறல் வழியாகவோ ஏறிச் சிறுநீரகத்திலும் ஈரலிலும் தங்கும். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளாவது என்று வருவது உண்டு. சில நாய்களில் தாகமும் மூத்திரமும்தான் முதலில் கண்ணில் படும். அந்த மூத்திரத்தில் கிருமி இருக்கும். கழுவிவிடுகிற வீட்டுப் பெண்களுக்கும், காலில் சேற்றுப்புண்ணோடு நடமாடுகிற நமக்கும் அது தொற்றும். ஆகவே வெறுங்கையால் துடைக்காதீர்கள். ரப்பர் கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், நாய்க்கு இப்படி இருக்கிறது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காலத்தோடு பார்த்தால் மனிதருக்கும் நாய்க்கும் குணமாக்க மருந்து இருக்கிறது. நாய்க்கு வருடாவருடம் போட இதற்குத் தடுப்பூசியும் உண்டு. வெறிநோய் ஊசி வேறு, இது வேறு.

மற்றவை கொஞ்சம் மெதுவாக வருபவை. சர்க்கரை நோய் நாய்க்கும் வரும். நன்றாகத் தின்னும், ஆனாலும் இளைக்கும். கண்ணில் வெள்ளை விழும். மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் சந்தேகப்படலாம், மொய்க்காவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. தாத்தாவின் சர்க்கரை மாத்திரையில் பாதியை உடைத்துப் போடுகிற வேலை வேண்டாம். நாய்க்கு வருகிற சர்க்கரை நோய்க்கு அந்த மாத்திரை பயன்படாது. தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசியும், நேரம் தவறாத ஒரே மாதிரி இரையும் வேண்டும். செலவும் பொறுமையும் பிடிக்கிற வைத்தியம்தான், மறைக்க வேண்டியதில்லை. கிழநாய்க்குச் சிறுநீரகமே தேய்ந்து போவதும் உண்டு. அதைப் புதிதாக்க முடியாது, பத்திய இரையால் நாளை நீட்டலாம். வலிக்கு நாம் போடுகிற மாத்திரைகளும், கண்ணாடி விரியன் கடியும், திராட்சைப் பழமும்கூட நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கம்பம் பக்கத்தில் பந்தல் போட்டிருக்கிறவர்கள் உதிர்ந்த பழத்தை நாய் மேயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த திராட்சையும் அப்படியே. சொறிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதனாலும் தாகம் மிஞ்சும். அது மருந்தின் விளைவு. நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

இவற்றில் எது என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் பார்வையில் சொல்ல முடியாது. மூத்திரமும் ரத்தமும்தான் சொல்லும். விடியற்காலை முதல் மூத்திரத்தைக் கையுறை போட்டுக்கொண்டு, கழுவி உலர்த்திய அகன்ற கரண்டியைக் குச்சியில் கட்டி நீட்டிப் பிடியுங்கள். சுத்தமான சிறு பாட்டிலில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் கால்நடை மருந்தகத்தில் சேர்த்துவிடுங்கள். பிடிக்க வரவில்லையா, அதற்காக ஒருநாள் தள்ள வேண்டாம், நாயைக் கூட்டிப் போங்கள். ரத்தப் பரிசோதனைக்கு வசதி இல்லையென்றால் பெரிய மருத்துவமனைக்கோ, சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கோ அனுப்புவார்கள். எத்தனை நாளாக, எவ்வளவு தண்ணீர், கடைசியாகப் பருவத்துக்கு வந்தது எப்போது, என்னென்ன மருந்து போட்டீர்கள், இந்த நான்கையும் சொன்னால் மருத்துவரின் வேலை பாதி குறையும்.

கிட்டப் போகும்முன் ஒரு எச்சரிக்கை. "தண்ணி குடிக்குதே, அப்போ வெறி இல்லை" என்று ஒரு பேச்சு இருக்கிறது. நம்பாதீர்கள். தண்ணீரைக் கண்டு மிரள்வது வெறிநோய் கண்ட மனிதர்தான். வெறிநோய் கண்ட நாய் தண்ணீர்ப் பக்கம் போகும், வாயும் வைக்கும். குணம் மாறி, எச்சில் ஒழுகி, குரல் கம்மியிருந்தால் தொடாமல் மருத்துவரை அழையுங்கள்.

மருந்தகம் போகும்வரை சட்டியில் தண்ணீர் இருக்கட்டும், இரவிலும் இருக்கட்டும். வாந்தி எடுத்தால் ஒரேயடியாக வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். திண்ணை நனைகிறது என்றால் கொட்டகைப் பக்கம் மாடு கன்று, தீவனம், குழந்தைகள் புழங்காத மூலையில் பழைய சாக்கை விரித்துக் கட்டுங்கள். நனைந்த சாக்கைக் கொளுத்திவிட்டு வேறு போடுங்கள்.